இரண்டு இலை செங்கோடன்

ஒரு காட்டில் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். மொத்தம் மூன்று காடுகள். மேல்காடு, நடுக்காடு, கீழ்காடு. மூன்றிலும் உறுப்பு மாற்று ஆஸ்பத்திரி இருந்தது. எந்தக் காட்டில் வைத்த உறுப்பு எத்தனை காலம் ஓடுகிறது என்று மூன்றும் சேர்ந்து ஆராய்ச்சி செய்துவந்தன.

மேல்காட்டில் செங்கோடன் என்ற முள்ளம்பன்றிக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அவன் மனைவி பவளாயி. அது உடம்பில் தங்க வேண்டுமானால், ஆயுள் முழுக்க நாளுக்கு மூன்று கசப்பிலை தின்ன வேண்டும். இலை ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். பதிவேட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்.

உடம்பு தேறியதும் செங்கோடனுக்குக் கிழங்கு ஆசை வந்தது. கைவசம் இருந்த இலையை மூட்டை கட்டிக்கொண்டு இருவரும் கீழ்காட்டுக்குப் போனார்கள். வழியில் நடுக்காட்டிலும், போன இடத்தில் கீழ்காட்டிலும் ஒழுங்காக ரத்தம் கொடுத்துப் பரிசோதனை செய்துகொண்டான். நான்கு மாதம் கழித்து, இலை தீர்ந்து, மேல்காட்டுக்குத் திரும்பினான்.

பதிவேட்டுக் காகம் அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"நீ செத்துட்டியேப்பா."

"யார் சொன்னது?"

"மாசாமாசம் உன் வளை வாசல்ல மூணு தடவை கூப்பிட்டேன். வரலை. எங்க இனத்துல கூப்பிட்டு வராதவன் செத்தவன் மட்டும்தான்."

தான் செத்ததைவிட, பக்கத்தில் நின்ற பவளாயியின் முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்வதுதான் செங்கோடனைப் பயமுறுத்தியது.

"அப்போ என் சிறுநீரகம்?" என்றாள்.

"தோல்வின்னு எழுதியிருக்கு."

"தோல்வியா? பத்து வருஷம் இந்த மனுஷனோட குடும்பம் நடத்தியும் அசராத உடம்புல இருந்து எடுத்துக் கொடுத்ததுய்யா அது! அடிச்சு எழுது!"

"எப்படிம்மா? அன்னைக்கே நானூறு பேர் கூடி அழுதுட்டோம். அழுததைத் திருப்பி எடுக்க முடியுமா?"

விவகாரம் கூட்டு ஆராய்ச்சித் தலைவர் ஆமையாரிடம் போனது. அவர் மூன்று பதிவேடுகளையும் வாங்கி நிதானமாகப் படித்தார். செங்கோடனை மட்டும் பார்க்கவில்லை.

"ஒரு காட்டில் மரணம், இரண்டில் நலம். ஆக, இவர் மூன்றில் இரண்டு பங்கு உயிரோடு இருக்கிறார். நாளுக்கு இரண்டு இலை கொடுங்கள்."

"ஐயா, மூணு தின்னாத்தான் இருப்பேன்," என்றான் செங்கோடன்.

"சராசரியோடு நான் சண்டை போடுவதில்லை தம்பி."

வெளியே வந்து, கிடைத்த இரண்டு இலையையும் மென்றான். மூன்றாவது இலைக்கு வாய் தானாக அசைந்தது. பவளாயி அவன் வயிற்றுத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடவே வந்திருந்த காகத்திடம் திரும்பினாள்.

"காக்கையாரே, புது நோயாளி சேர்க்க என்ன வேணும்?"

"தழும்பு வேணும்."

"இதோ இருக்கு. எழுதுங்க. பேரு சின்னச் செங்கோடன்."

காகம் தழும்பைத் தலை சாய்த்துப் பார்த்தது. "நல்லா ஆறியிருக்கே! இவ்வளவு சீக்கிரம் ஆறினது ஆஸ்பத்திரிக்குப் பெருமை," என்று பூரித்து எழுதிக்கொண்டது.

சின்னவனுக்கு நாளுக்கு மூன்று இலை. பெரியவனுக்கு வழக்கம்போல இரண்டு. அந்த இரண்டையும், காகம் கூப்பிட்டபோது வயலில் இருந்ததால் செத்துப்போன, சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒரு முயலுக்குப் பவளாயி கொடுத்துவந்தாள். அடுத்த பௌர்ணமிக்குள் முயலும் சின்ன முயலானது.

அந்த ஆண்டு மேல்காட்டில் அறுவை சிகிச்சைகள் கூடின, சாவுகளும் கூடின, பிணம் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆமையார் இதை அரிய சாதனை என்று அறிக்கையில் குறித்தார்.

பெரிய செங்கோடனுக்குக் காகங்கள் ஆண்டுதோறும் திதி கொடுக்கின்றன. சின்னச் செங்கோடன் மனைவியோடு முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவான். "போனவர் ரொம்ப நல்லவர்," என்று பவளாயி சொல்வாள். "உயிரோட இருந்தப்போ நீ இப்படி ஒருநாளும் சொன்னதில்லையே," என்பான் அவன்.

நீதி: கூப்பிடும்போது வீட்டில் இல்லாதவர், இரண்டு பேராக இருப்பது உடம்புக்கு நல்லது.