சொத்தை எழுத்து

புதுப் பலகையைப் பார்த்ததும் பல் டாக்டருக்கு முதலில் தோன்றியது, அதை வண்டியில் ஏற்றி இறக்கியவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான்.

'பல் மருத்துவமனை' என்று மரத்தில் வெட்டி ஒட்டிய தடித்த கறுப்பு எழுத்துகள். ஒன்றாவது முழுசாக இல்லை. 'ப'வின் வலக்காலில் ஓட்டை. 'ல்' தலைமேல் இருந்த புள்ளியில் பாதியைக் காணோம். 'ம' குறுக்கே விரிசல். கடைசி 'னை' ஈறு தேய்ந்தவர் பல் மாதிரி வேர் தெரிய நின்றது.

மச்சினனுக்கு போன் செய்தார். பலகையை வடிவமைத்தவன் அவன்தான். மனைவிக்கு ஒரே தம்பி. அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்தவன், அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கினான்.

"நான் நெனச்சதை விட நல்லா வந்திருக்கு மாமா."

சேதம் இல்லையாம். டிசைனாம். 'கரடு' என்று பெயர் வைத்து அவனே உருவாக்கிய எழுத்துரு. ஒவ்வோர் எழுத்தையும் தடிமனாக அச்சடித்து, உப்புத்தாளால் தேய்த்து, கசக்கி, செருப்புக் காலால் மிதித்து, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறான். அடிபட்டும் அசையாமல் நிற்கிற கம்பீரம் அதில் தெரிய வேண்டுமாம். அது முதன்முதலாக ஊர் பார்க்க ஏறியிருப்பது மாமாவின் வாசலில்.

மனைவி பலகையைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கம்பீரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புதுத் தெருவுக்கு இடம் மாறி வந்த சமயம். நாலு பேர் வந்தால்தான் நாற்பது பேருக்குத் தெரியும். வந்த ஒரு அம்மாவோ, இந்த ஆஸ்பத்திரியை எப்போது மூடினார்கள் என்று நர்சிடம் விசாரித்துவிட்டுப் போனார். கன்னத்தில் கைவைத்தபடி வந்த இன்னொருவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, வலியே இல்லாதவர் போல நடந்துவிட்டார்.

ஓட்டைகளைச் சத்தமில்லாமல் அடைத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். பெயின்டரைக் கூப்பிட்டால் மச்சினன் காதுக்குப் போய்விடும். அதனால் மதியம் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தும் நேரத்தில், தலைக்குத் தொப்பியும் முகத்துக்கு மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு அவரே ஸ்டூலில் ஏறினார். நர்ஸ் கறுப்புப் பூச்சுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கை பழக்கத்தை விடவில்லை. ஓட்டையைச் சுத்தம் செய்தார், ஊதிக் காயவைத்தார், பூச்சைச் சிறு கரண்டியால் அழுத்தி வழுவழுப்பாக்கினார். 'ல்' புள்ளியை முடிக்கும்போது, "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்று தன்னையறியாமல் அதற்கு ஆறுதல்கூடச் சொன்னார். நாளுக்கு ஓர் எழுத்து என்று போனால் யார் கண்ணிலும் உறுத்தாது என்பது கணக்கு.

'ம' வரை வந்திருந்தார். அப்போது மச்சினன் பலகையைப் படமெடுக்கக் கேமராவோடு வந்து நின்றான். பளபளக்கும் மூன்று எழுத்துகளையும் பார்த்தான். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. படமெடுக்காமலே கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று வீட்டில் தட்டு வைக்கும் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

"ஊர்ல யார் வாயில வேணும்னாலும் கை வைங்க," என்றாள் மனைவி. "என் தம்பி எழுத்துல ஏன் வெச்சீங்க?"

அடைத்ததை எடுத்துவிட்டால் போகிறது என்று மறுநாள் டிரில்லோடு ஏறினார். 'ல்', 'ம' இரண்டும் மரியாதையாக ஒத்துழைத்தன. 'ப'வில் பூச்சு இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் அழுத்தினார். வலக்கால் முழுசாகக் கழன்று தெருவில் விழுந்தது.

கால் போன 'ப' அந்த நொடியே 'ட' ஆகிவிட்டது. நர்ஸ் மெல்ல எழுத்துக்கூட்டினாள்.

"டல் மருத்துவமனை." கொஞ்சம் யோசித்தாள். "பொய் ஒண்ணும் இல்லையே சார்."

டாக்டர் உடைந்த காலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மச்சினன் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவன் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு 'டல்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைமேல் கவிழ்ந்தான். சினிமா போஸ்டருக்குப் போக வேண்டியதைப் பல்லுக்குக் கொண்டுவந்தது தன் தப்புதான் என்று அவனே ஒப்புக்கொண்டான். உட்கார்ந்த இடத்திலேயே புது எழுத்துகளைப் போட்டுக் கொடுத்தான். விரிசல் இல்லை, கீறல் இல்லை, வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தன. வீட்டில் தட்டு பழையபடி சத்தமில்லாமல் வைக்கப்பட்டது.

புதுப் பலகை ஏறிய காலையில் டாக்டர் வந்தபோது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. இத்தனை பேரைச் சேர்ந்தாற்போல் இங்கே அவர் பார்த்ததில்லை. ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. பலகையைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

டாக்டர் பூரிப்போடு அவர்களை உள்ளே அழைத்தார். கன்னம் வீங்கிய ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"ஏன் சார், இங்க ஸ்டூல்ல ஏறி நின்னு சொத்தை எழுத்துக்கெல்லாம் அவ்வளவு பொறுமையா வைத்தியம் பார்த்தாரே ஒரு டாக்டர், கடைசி எழுத்து வரைக்கும் முடிக்கட்டும்னுதான் நாங்க எல்லாரும் காத்திருந்தோம், அதுக்குள்ள அவரை அனுப்பிட்டீங்களா?"