மச்சானின் கால்

நேற்று பட்டாணி அளவுக்கு இருந்த புண், இன்று காலை தீப்பெட்டியில் பாதிக்கு வந்து நின்றது. இசிகேலி கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். தள்ளி வைத்தும் பார்த்தான். அவன் போட்ட கணக்கின்படி இந்நேரம் அது மூடியிருக்க வேண்டும்.

தலைநகர் சூவாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவன் கணிதம் சொல்லிக்கொடுக்கிறான். புண்ணில் கிருமிகள் கூட்டம் சேர்ந்து, பிசின் மாதிரி ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு, மருந்துக்கு டிமிக்கி கொடுப்பதைச் சமன்பாடுகளில் பிடிப்பதுதான் அவன் ஆராய்ச்சி. படலத்தைச் சுரண்டி எடுத்தால் கிருமிகள் கொஞ்ச நேரம் வீடு இல்லாமல் நிற்கும். அவை மறுபடி கட்டி முடிப்பதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கந்தாவு தீவில் இருக்கும் அத்தை மகன் வதிமி ஆணியை மிதித்தான் என்று கேட்டபோது, இசிகேலிக்கு வருத்தத்தைவிட ஆர்வம்தான் முந்திக்கொண்டது. புண்ணுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்து தினமும் ஒரு படம் அனுப்பச் சொன்னான். வதிமியின் மனைவி லிதியா எடுத்து அனுப்பினாள். நேற்று வரை கணக்கும் புண்ணும் ஒத்துப்போயின.

உடனே போன் போட்டான்.

"டேய் மச்சான், காலைக் கொண்டுபோய் எங்கடா விட்டே?"

"எங்கயும் விடல. என் காலு என்கூடத்தான் இருக்கு."

"படம் பாத்தேன். இந்தக் காலைப் பன்னிக்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

மறுமுனையில் யாரோ இருமினார்கள். வதிமி வழக்கம்போல் திருப்பித் திட்டாதது இசிகேலிக்கு ஆச்சரியமாக இருந்தது. மச்சான் உறவில் எதையும் சொல்லலாம். சொல்லாவிட்டால்தான் இருவருக்கும் சண்டையா என்று ஊர் கேட்கும்.

"சத்தமாச் சொல்லு மச்சான், லைன் சரியில்ல," என்றான் வதிமி.

தீப்பெட்டியைத் தள்ளி வைத்து எடுத்திருப்பார்களோ என்று இசிகேலிக்கு ஒரு நப்பாசை. ஒட்டி வைக்கச் சொன்னான். மறுநாள் ஒட்டி வைத்தே படம் வந்தது. இப்போது சந்தேகப்படவும் வழியில்லை.

சரி, கணக்கில்தான் ஏதோ விட்டுப்போயிற்று. மருந்து வரும்போது செத்ததுபோல் படுத்துக்கொண்டு, போனதும் எழுந்திருக்கிற சோம்பேறிக் கிருமிகளைச் சேர்த்தான். புண் ஆறவே ஆறாது என்றது கணக்கு.

"மச்சான், உனக்குச் சர்க்கரை ஏதாவது இருக்கா?"

"எனக்கா? சத்தியமா இல்ல."

வதிமி பொய் சொல்லும்போது சத்தியம் செய்கிற ஆள் இல்லை. இசிகேலி நம்பினான்.

"அப்போ நர்ஸைச் சுரண்டச் சொல்லு. சுரண்டின அன்னிக்கே மருந்து போடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தே, கட்டைவிரலுக்கு இப்பவே டாட்டா காட்டிடு."

"இன்னும் சத்தமா."

"கட்டைவிரல் போயிடும்டா கழுதை!"

சர்க்கரையும் இல்லையென்றால் கிருமிதான் அசுர ஜாதி. அதன் வளர்ச்சியைக் கூட்டினான். கிறிஸ்துமஸுக்குள் படலம் வதிமியைவிடப் பெரிதாகிவிடும் என்று விடை வந்தது. இசிகேலி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். சின்ன வயதில் அந்தக் காலோடு மணலில் பந்தயம் ஓடி ஓடித் தோற்றவன் அவன். அதை வெட்டி எடுத்துவிட்டால் யாரைப் போய்க் கேலி செய்வது? அடுத்து வந்த படங்களில் புண் சற்றுச் சுருங்கினாற்போல்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு அதற்குள் படத்தின் மேலிருந்த நம்பிக்கை போய், கணக்கின் மேல்தான் பயம் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரம் பார்த்து, வதிமியின் ஊரிலேயே இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தான். அப்பா எரோனி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரிடம் போனில் பேசும்போதுகூட இசிகேலி தலையைக் குனிந்துகொள்வான்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"கர்த்தர் கிருபை. உன் ஆராய்ச்சி எப்படிப் போகுது?"

"வதிமி காலைத்தான்ப்பா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"போயிடுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

அப்பா "சரி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த கப்பலிலேயே இசிகேலி கிளம்பினான். சூவாவிலிருக்கும் பெரிய டாக்டரிடம் வதிமியைத் தூக்கிக்கொண்டாவது போய்விடுவது என்று முடிவு. என்ன சொல்லி அவனைச் சம்மதிக்க வைப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

படகுத்துறையில் சேப்பங்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் வெறுங்காலோடு குதித்தோடி வந்தான். வதிமியேதான்.

இசிகேலி அத்தனை பேர் முன்னாலும் மண்டியிட்டு, குதிரைக்கு லாடம் அடிக்கிறவன் மாதிரி அவன் காலைத் தூக்கிப் புரட்டினான். ஆணி குத்திய தழும்பு மட்டும் இருந்தது. மற்ற காலையும் பார்த்தான்.

"ரெண்டும் நல்லா இருக்குடா!"

"மூணாவது இல்ல மச்சான், தேடாதே."

துறையே சிரித்தது. இசிகேலிக்குக் கண்ணில் நீர் முட்டியது. வதிமியைக் கட்டிக்கொண்டான், அப்புறம் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

"அப்போ அந்தப் புண்ணு யாரோடதுடா?"

வதிமி மூட்டையை இறக்கி வைத்து, அதன் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். அண்ணன் முறையாகிறவனிடம் வழக்கப்படி நேரே பேசாமல், கணவன் பின்னால் நின்றிருந்த லிதியா, அன்றைக்கு ஒரு எட்டு முன்னால் வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பெருசா வந்த படமெல்லாம் உங்கப்பா காலுண்ணே, சர்க்கரைப் புண்ணு. நீங்க சொன்னபடி சுரண்டி மருந்து போட்டு ஆறிக்கிட்டு வருது. அவருதான் சொன்னாரு, 'அப்பன் காலுன்னா என் மகன் மழுப்புவான். மச்சான் காலுன்னு நெனச்சாத்தான் உள்ளதைச் சொல்லுவான்'னு."