எழுபத்தைந்துக்கு மேல்

"இது கிழவனுங்களுக்கு வர்ற காகிதம்!"

"உங்களுக்கு எண்பத்தஞ்சு வயசுப்பா, இதுல ஒரே ஒரு கையெழுத்து..."

"எண்பத்தஞ்சு எல்லாம் ஒரு வயசா? பேனாவை மூடு, மை காயுது."

"பத்து வருஷமா தண்டத்துக்குச் சந்தா கட்டிட்டு இருக்கீங்க!"

"என் காசு, நான் கட்டுறேன். உனக்கு ஏன் வலிக்குது?"

வலிக்கத்தான் செய்தது. மகள் அரசு மருத்துவக் காப்பீட்டு நிதியில் கணிப்பாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் கணிப்பம்மா. வயதானவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், வைத்தியச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, நிதி எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்வதுதான் அவள் வேலை. 'பத்தே வருஷத்தில் நிதி காலி' என்று அவள் எழுதிய முதல் அறிக்கை எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பத்து வருஷம் ஆயிற்று. நிதி காலியாகவில்லை. வருஷா வருஷம் அவள் சொன்னதைவிடக் கூடுதலாகவே மிஞ்சியது.

"நீங்க மழைன்னு சொல்லுங்கம்மா, நான் தைரியமா துணி காயப்போடுறேன்" என்பார் இயக்குநர். இந்த வாரம் அவர் சிரிக்கவில்லை. கணக்கு எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் சரிசெய்யாவிட்டால், அவளைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டார்.

தேடியதில் அகப்பட்டது. எழுபத்தைந்து வயதானவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். சந்தா நின்றுவிடும், வைத்தியம் நிற்காது. எல்லோரும் போட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஆயிரக்கணக்கானவர்கள் போடவே இல்லை. பட்டியலில் முதல் ஆள், அவளைப் பெற்றவர்.

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஆனால் நான்காம் மாடி வீட்டுக்கு லிஃப்டில் ஏறமாட்டார். "அது வயசானவங்களுக்கு." காலையில் நடைப்பயிற்சி, அதுவும் ஒரு நாள் போன பூங்காவுக்கு மறுநாள் போகமாட்டார். கேட்டால், "ஒரே மரத்தை எத்தனை நாள் பாக்குறது?"

'முதியோர் விலக்குப் படிவம்' என்ற தலைப்புதான் குத்துகிறது போலும் என்று நினைத்தாள் கணிப்பம்மா. இரண்டே நாளில் இயக்குநரிடம் மன்றாடி, 'மூத்தோர் கௌரவப் படிவம்' என்று பூ வேலைப்பாட்டோடு அச்சடித்துக் கொண்டுவந்தாள்.

அப்பா அதைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"கௌரவமா? ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பணும்னா முதல்ல அதைத்தான் பண்ணுவாங்க. எனக்கும் பண்ணாங்க. மறுநாள் என் ஸ்பானரை வேற ஒருத்தன் வெச்சிருந்தான்."

சரி, வீட்டில் மடங்காத ஆள் நாலு பேர் நடுவில் மடங்கமாட்டாரா? வியாழக்கிழமை அலுவலக வாசலிலேயே முகாம் போட்டாள். மேசை, தேநீர், பேனா. யாருக்காவது நடக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று சக்கர நாற்காலிகள் நாலு.

அங்கேதான் வினை வந்தது.

"இது யாருக்கும்மா?" என்று சக்கர நாற்காலியைக் காட்டிக் கேட்டார், முதலில் வந்தவர்.

"உங்களுக்குத்தான் தாத்தா" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"தாத்தாவா?" அவர் விறுவிறுவென்று மேசைக்கு வந்தார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஏமாந்துபோய் ஒரு கையெழுத்துப் போட்டேன். அதைத் திருப்பிக் குடு. நாளையிலேர்ந்து நானும் கட்டுறேன்!"

அவர் பின்னால் இன்னொருவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. வரிசையைக் கட்டி மேய்த்தவர் விசில் மாமா. அப்பாவின் நண்பர், ஒரு காலத்தில் கால்பந்து நடுவர். தொண்ணூறு வயதிலும் கழுத்தில் விசில் தொங்கியது.

"பீப்! நீ வெளியே போ! உனக்கு எழுபத்திரண்டுதான், ஆஃப்சைடு!"

அப்பா வரிசையோடு நடந்து ஒவ்வொருவரிடமும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "அதோ மேசையில உக்காந்திருக்கா பாருங்க, அது எம்பொண்ணு. இந்த நிதியே அவ தலையிலதான் நிக்குது."

சாயங்காலம் எண்ணிப் பார்த்தாள். புதிதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் பதினொரு பேர். போட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் இருநூற்று ஆறு பேர்.

இயக்குநர் இறங்கி வந்தார். "காலியாகப் போற நிதிக்கு ஜனங்க வரிசையில நின்னு கட்டுறாங்க" என்றார். "கோப்பு அறைச் சாவி காவலாளிகிட்ட இருக்கும்மா, காலையில வாங்கிக்குங்க."

அப்பா அங்கே இல்லை. ஆறாம் மாடிக்குப் படியேறிக் காட்டுகிறேன் என்று யாரிடமோ பந்தயம் கட்டிப் போயிருந்தார். கணிப்பம்மா நேரே விசில் மாமாவிடம் போனாள்.

"உங்க எல்லார் ஜம்பத்தாலயும் என் பேரு நாறிப்போச்சு மாமா! பத்து வருஷமா என் கணக்கு ஒரு தடவைகூடப் பலிக்கலை. வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கறதுல அப்படி என்ன கேவலம்?"

விசில் மாமா வாயிலிருந்து விசிலை எடுத்தார். மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வயசை யாரு மறைச்சா கண்ணு? உன் அறிக்கை பேப்பர்ல வந்த நாள்லேர்ந்து, உங்கப்பன் பூங்கா பூங்காவா போயி ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சுக்கிட்டுச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: 'எம்பொண்ணு போட்ட கணக்கு பொய்யே ஆகாதுடா, நாமளா சேர்ந்து பொய்யாக்கினாத்தான் உண்டு.'"