ஓநாயைக் கட்டிய நாடா

இந்த வீட்டில் இனி ஓநாய் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். அன்று ஒரேயடியாக முடிவு கட்டினேன்.

நிஜ ஓநாய் இல்லை. என் மகள் படிக்கும் கதைப்புத்தகத்து ஓநாய். பனி தேசத்துப் பழைய சாமிகளை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று யாரோ எழுதிய தொடர். ஓடின் என்று ஒற்றைக்கண் சாமி. தோர் என்று சுத்தியல் சாமி. மகளிடமிருந்து அது என் மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. நானோ நாள் முழுக்கப் பூட்டுக்கடையில் சாவி ராவிவிட்டு, நாலு வார்த்தை பேசலாம் என்று வீட்டுக்கு வருகிறவன்.

"இன்னிக்கு ஒருத்தன் சாவியைக் காருக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டு..."

"அப்புறம் சொல்லுங்க. இங்க ஓநாய் வந்துடுச்சு."

தினமும் இதே கதை. மனசு விட்டுப்போயிற்று எனக்கு. மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் கிடந்த மூன்றாம் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடை மேஜைமேல் வைத்தேன். தேடட்டும். தவிக்கட்டும். அப்போதாவது என் முகத்தைப் பார்க்கட்டும்.

இழுப்பறையில் போட்டுப் பூட்டுமுன் பார்த்தால், ஒரு பக்கம் மடிந்திருந்தது. உலகத்தையே விழுங்குகிற ஓநாயைப் பட்டு நாடா மாதிரி ஒன்றால் கட்டிவிட்டார்களாம். பூனை நடக்கிற சத்தம், மீன் விடுகிற மூச்சு இதெல்லாம் சேர்த்துச் செய்த நாடாவாம். இருபது வருஷமாகப் பூட்டோடு குடித்தனம் நடத்துகிறவனிடமா இந்தக் கதை? எப்படித் தாங்கும், பார்த்துவிடுகிறேன் என்று அடுத்த பக்கம் திருப்பினேன். அப்புறம் அதற்கடுத்தது. வந்தவர்களை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினேன். நாலாம் நாள் கடைசிப் பக்கம். நாடா நூலளவு கிழிகிறது. அதோடு கதை நின்றுவிட்டது. எழுதினவர் நல்லா இருப்பாரா?

வீட்டில் யாரும் புத்தகத்தைத் தேடவே இல்லை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று சாப்பிடும்போது மனைவி பெருமூச்சு விட்டாள். "பாவம்டி, மூணாம் பாகத்துல அந்த ஓநாய் செத்தே போச்சு."

"யார் சொன்னா? சாகலை! நாடாதான் கிழியுது!" என்றேன், வாயில் கவளத்தோடு.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதை நாங்க போன மாசமே முடிச்சாச்சு," என்றாள் மனைவி. "பூட்டு, கட்டுன்னா உங்க கை சும்மா இருக்காதேன்னுதான் அந்தப் பக்கத்தை மடிச்சு மேஜையில வெச்சேன். நீங்க இல்லாம பேசி எங்களுக்கும் போரடிக்குது."

சந்தோஷத்தில் மானத்தை விட்டுக் கேட்டேன்.

"நாலாம் பாகம் எங்கே?"

"அலமாரியில. நீங்க பெருமையாக் கொடுத்தீங்களே, உங்களாலயே சாவியில்லாம திறக்க முடியாதுன்னு ஒரு பூட்டு? அதைப் போட்டிருக்கேன்."

"சாவி?"

"பாத்திரம் கழுவுற தொட்டியில. எல்லாத்துக்கும் அடியில."

தொடர் மொத்தம் பன்னிரண்டு பாகம். இப்போது ஒன்பதாம் பாகத்துக்காகத் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன்.