பலகையில் கடைசியாக வந்த சம்பந்தி குதிரை

மதிப்பிற்குரிய சம்பந்தி ஒர்மான்பெத் அவர்களுக்கு, செய்சென்பாய் நெஞ்சில் கை வைத்து எழுதும் மன்னிப்புக் கடிதம். தங்கள் கால்நடைகள் நலமா, தாங்கள் நலமா, சம்பந்தியம்மாள் நலமா? இங்கே கால்நடைகள் நலம். நான் நலமில்லை.

வரும் ஞாயிறு நம் பேரன் எர்தாய்க்குக் கால்களில் கட்டிய கயிற்றை அறுத்து நடக்கவிடும் சடங்கு. தாத்தாவான தாங்கள் கயிற்றை அறுத்துவிட்டால்தான் பிள்ளை முதல் அடி வைக்க வேண்டும் என்று தங்கள் மகள் ஷோல்பான் ஒற்றைக் காலில் நிற்கிறாள். தாங்களோ வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து அவள் எனக்குத் தேநீரைக் கோப்பை நிறைய ஊற்றுகிறாள். நிறைந்த கோப்பை என்றால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். என் வீட்டிலிருந்து நான் எங்கே போவேன், சம்பந்தி?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பின் சும்மா கிடக்காமல், பந்தயக் குதிரைகளின் கழுத்தில் கட்ட ஆளுக்கொரு வானொலிக் கருவி செய்தேன் அல்லவா? ஒவ்வொன்றும் நொடிக்கு ஐந்து முறை தன் எண்ணையும் இடத்தையும் கத்திக்கொண்டே ஓடும். அதையெல்லாம் என் பெட்டிக்குள் இருக்கிற தீப்பெட்டி அளவு மைக்ரோகண்ட்ரோலர் வாங்கிப் படித்துப் பெரிய பலகையில் காட்ட வேண்டும். இவ்வளவோடு விட்டிருந்தால் நான் மனிதன். ஆனால் ஏழு தலைமுறைப் பெயர் சொல்லாமல் ஒரு பெரிய மனிதரின் குதிரையை அறிவிப்பது மரியாதையா என்று தோன்றியது. தங்களுக்காகத்தான் தோன்றியது. ஒரு செய்தி வந்ததும் உரிமையாளர், அவர் அப்பா, தாத்தா என ஏழு பேரையும் பலகையில் நிதானமாக ஓடவிட்டுப் பிறகுதான் அடுத்த செய்தியை வாங்கு என்று எழுதிவைத்தேன். அந்த மைக்ரோகண்ட்ரோலரின் வாசலிலோ அறுபத்து நான்கு எழுத்துக்குத்தான் இடம். தங்கள் கொள்ளுத்தாத்தா பலகையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வாசல் நிரம்பி வழிந்து, ஒரு குதிரையின் செய்தித் தலை இன்னொரு குதிரையின் செய்தி வாலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பந்தய நாளன்று எல்லைக்கோட்டில் ஒரே புழுதி. யார் முதலில் வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, நடுவர் உட்பட எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். தங்கள் குதிரை போரான் கடைசி, இன்னும் ஏழாவது சுற்றில் என்றது அது. "ஏன் சம்பந்தி, என் குதிரை இன்னும் அங்க சுத்திக்கிட்டு இருக்குன்னா, இங்க மூச்சு வாங்கிட்டு நிக்குதே, இது என்ன பேயா?" என்று கேட்டீர்கள். ஊரே சிரித்தது. பரிசு மேலங்கி, பலகை முதல் என்று காட்டிய குதிரைக்காரனான ஆட்டுத் தரகன் தோளுக்குப் போனது. விருந்தில் பெரியவருக்குரிய மரியாதையாக முன்னால் வைத்த ஆட்டுத்தலையைத் தொடாமலே தாங்கள் எழுந்து போனீர்கள். அப்போதே நான் செத்துவிட்டேன்.

பழுதைக் கண்டுபிடித்தவள் ஷோல்பான்தான். "ஏன் மாமா, வாசல்ல இருபது விருந்தாளி வந்து நிக்கிறப்ப, முதல் ஆளையே புடிச்சுவச்சு உங்க கொள்ளுத்தாத்தா யாருன்னு கேட்டா மத்தவங்க போயிடமாட்டாங்களா? முதல்ல எல்லாரையும் உள்ள உக்கார வைங்க. அப்புறம் விசாரிங்க" என்றாள். அப்படியே மாற்றினேன். இப்போது எழுத்து வர வர எடுத்து உள்ளே வைப்பது மட்டும்தான் முதல் வேலை. தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இருந்து, சரிபார்க்கும் கூட்டுத்தொகையும் ஒத்துவந்தால்தான் அது செய்தி. இல்லையென்றால் குப்பை. பெயர்களெல்லாம் ஓய்ந்த நேரத்தில் ஓடும்.

போரான்தான் முதலில் வந்தது. ஞாயிறன்று ஊர் முன்னால் அதைச் சொல்லி, புது மேலங்கி ஒன்றைத் தங்கள் தோளில் நானே போடுகிறேன். பிள்ளைக்காகவாவது வாருங்கள்.

தங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும்.

தங்கள்
செய்சென்பாய்

பி.கு.: உறையை ஒட்டுமுன், திருத்திய பெட்டியைச் சோதிக்க, மடிக்கணினியில் தனியாகப் பதிவாகியிருந்த பந்தய நாள் செய்திகளை அதற்குள் ஓடவிட்டேன். ஓர் எழுத்து விடாமல் வாங்கியது. மேலே நான் நம்பி எழுதியதுபோல் போரான் முதல் இல்லை, நான்காவது. முதலில் வந்தது, அதே பந்தயத்தில் ஓடிய என் செங்குதிரை. "அப்பாவுக்கு இத எழுதிடாதீங்க மாமா, புண்ணியமாப் போகும்" என்று ஷோல்பான் கெஞ்சினாள். சரி என்றேன். பதிவையும் அழித்துவிட்டேன், ஊருக்குப் போரான்தான் முதல். ஆனால் முப்பத்திரண்டு வருடம் தந்தி அலுவலகத்தில் இருந்தவன் நான். ஒருவருக்குரிய செய்தியை அவரிடம் சேர்க்காமல் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. ஞாயிறு வரும்போது, இந்தப் பின்குறிப்பு மட்டும் வந்து சேரவில்லை என்று ஷோல்பானிடம் சொல்லிவிடுங்கள்.