துரை ஜாதகமும் கங்கா கல்யாணமும்

மட்டாஞ்சேரி,
9-3-84

சௌபாக்யவதி கங்காவுக்கு மீனாக்ஷி அத்தை மனசு நெறைஞ்சு ஆசீர்வாதம். பகவதி கிருபையிலே இங்கே எல்லாரும் சௌக்யம். பாலக்காட்டுலேயும் அப்படியே இருக்கணும்னு தெனம் விளக்கேத்தறச்சே சொல்லிக்கறேன்.

உங்கப்பாவுக்கு எழுதலை, அவனுக்கு ரத்தக் கொதிப்பு. உனக்கும் வாஞ்சிக்கும் அடுத்த மாசம் நிச்சயதார்த்தம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு, அது நடக்காது கேட்டியோ. வாஞ்சி என் ஓர்ப்படி பிள்ளை, தாயில்லாதவன்னு நம்மாத்துலே தங்கி வெலிங்டன் தீவு குடோன் கேட்டுக்கு வேலைக்குப் போறான், அவன் நட்சத்திரம் நான் என்ன கண்டேன், பொறந்த தேதின்னு ஒரு சீட்டு குடுத்தான், ஜோஸ்யர் கணிச்சு உன் ஜாதகத்தோட பத்துக்குப் பத்து பொருத்தம்னார். வர்றவாளை வழி மறிக்கறதுதான் பையனுக்கு உத்யோகம்னார், சரிதான், லாரியை மறிக்கறான். எடது கால்லே அடின்னார், வைப்பின் போட்லேர்ந்து எறங்கறச்சே சுளுக்கிண்டானே. முப்பத்திமூணுலே வேலை நிக்கும்னார், அர்ச்சனை பண்ணிக்கலாம்னு விட்டேன். இருபத்திரெண்டு வயசுலே ஒரு எஜமான் இவனை இன்னொருத்தனுக்குப் பெரிய விலைக்கு வித்திருப்பான்னார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டித்து.

முந்தாநாள் அழுக்கு வேஷ்டி தேடி அவன் பொட்டியைத் திறந்தேனா, அடியிலே கப்பல்காராள் விட்டுட்டுப் போன இங்கிலீஷ் ஃபுட்பால் புஸ்தகம், அட்டையிலே அரை நிஜாரோட ஒரு துரை. அடுத்தாத்து வெங்கிடேஸ்வரன் மாமா படிச்சுச் சொன்னார், பேரு டெரிக் பார்ஸ்லோவாம், கோல் போட வர்றவாளை மறிச்சு நிக்கறதுதான் வேலையாம், இருபத்திரெண்டு வயசுலே ஒரு டீம் அவனை இன்னொரு டீமுக்கு லக்ஷக்கணக்கிலே வித்துடுத்தாம், எடது கால் ரெண்டு தடவை ஒடிஞ்சிருக்காம். பொறந்த தேதியைப் பாத்தா வாஞ்சி குடுத்த அதே தேதி. பக்கத்துலேயே வாஞ்சியோட நெஜ ஜாதகமும் இருந்தது, செவ்வாய் தோஷத்தோட.

கேட்டா, "துரைக்கு என்ன கொறைச்சல் பெரியம்மா? பொண்டாட்டி, ரெண்டு கொழந்தைன்னு சுகமா இருக்கார்"ங்கறான். ரெண்டு நாளா நான் சாயா கூடக் குடிக்கலை. நித்யம் நாமம் சொல்ற நாக்கு இது, பொய் ஜாதகத்துக்குத் தலையாட்டுமோ? மனசைத் தேத்திக்கோ கொழந்தே.

அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு. பகவதி உனக்குத் துணை.

மீனாக்ஷி அத்தை

பி.கு.: கவர் ஒட்டறதுக்கு முன்னாடி சீட்டை இன்னொரு தரம் பாத்தேன். புஸ்தகத்துலே துரையோட தேதி இருக்கே ஒழிய நேரம் இல்லை. சீட்டுலே 'விடியக்காலம் 4-10'னு இருக்கு. வாஞ்சி மலையாளம் படிச்சவன், தமிழ்லே தன் பேரைக் கூட எழுதமாட்டான். அந்த முத்து முத்தான கையெழுத்து நீ எனக்குப் போடற கடிதாசிலேயும் இருக்குடீ கள்ளி. நெஜ ஜாதகத்தை வெந்நீர் அடுப்புலே வெச்சாச்சு. சொன்ன நாள்லே தட்டோட வந்துடுவோம். முப்பத்திமூணுலே வேலை நிக்கும்னு இருக்கே, அதுக்குள்ளே நீ டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சுடு.