சம்பந்தியம்மாவும் என் சிவந்த மூக்கும்

அன்புத் தங்கை அட்ராக்டாவுக்கு, அயர்லாந்தின் மேயோவிலிருந்து அண்ணன் ஃபின்டன் எழுதுவது. நானும் ஆடுகளும் மழையும் இங்கே சுகம். லீட்ஸில் உன் முழங்கால் சுகமா?

சின்ன வயதில் கோயிலில் உறுதிப்பூசுதல் பெற்ற அன்று ஆயர் முன்னால் குடிக்கமாட்டேன் என்று செய்த சத்தியப்படி நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. மதுவிலக்குச் சங்கத்தின் சின்னம் இன்றும் என் கோட்டில்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே குடிகாரனுக்கு இருப்பதுபோல என் சிவந்த மூக்கும் இருப்பதால் யாரும் சின்னத்தை நம்புவதில்லை. என் மகள் கிரான்யாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா திருமதி ஹான்ரட்டி, குடிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவர், என்னை ஒருமுறை பார்த்ததோடு சரி, கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறாராம். பிள்ளை அழுகிறாள். டாக்டரம்மா டூஹியிடம் போனேன். "இது ரோசேஷியா, முகம் சிவக்கிற வியாதி. நம்ம ஊர் வெள்ளைத் தோலை அதுக்கு ரொம்பப் பிடிக்கும். போகாது, ஆனா சொன்ன பேச்சு கேக்கும். எது உசுப்பிவிடுதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றார்.

அன்றிலிருந்து என் முகத்தை நானே வேவு பார்க்கிறேன். கண்ணாடி முன் உட்கார்ந்து சூடான டீ குடித்தால் காதுவரை சிவக்கிறது, ஆறவிட்டுக் குடித்தால் ஒன்றுமில்லை. கடற்காற்று குற்றவாளி, முட்டைக்கோஸ் நிரபராதி. பெரிய குற்றவாளி நீ வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அனுப்புகிற சவர லோஷன், கோவிச்சுக்காதே. இப்போ கழுத்துத்துணி, ஆறின டீ, ராத்திரியில் டாக்டரம்மா தந்த களிம்பு, காலையில் வெயில் கிரீம். கொட்டுகிற மழையில் அதைப் பூசுவதைப் பார்த்துப் பக்கத்துவீட்டு மாலக்கி, "வெயில் எந்தப் பக்கம் வந்திருக்கு? சொன்னா நானும் போய்ப் பாத்துட்டு வருவேன்ல," என்கிறான். போகட்டும், அறுபது வருஷம் கூடவே இருந்த முகத்தை இப்போதுதான் விசாரிக்கிறேன், சுவாரஸ்யமாகத்தான் இருக்கு. இன்று கண்ணாடியில் பால் மாதிரி வெளுத்திருந்தேன். கிரான்யா கெஞ்சிக் கேட்டதால் மாலை சம்பந்தியம்மா டீக்கு வருகிறார். இனி கவலையில்லை, நீ கல்யாணத்துக்குப் போட்டுவரத் தொப்பி வாங்கிவிடு.

தூய பிரிஜித் உன் முழங்காலைக் காக்கட்டும்.
ஃபின்டன்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் வந்துவிட்டார். என் வெளுப்பை வெகுநேரம் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தி எத்தனை நாளாச்சுங்க?" என்றார். நான் குடிச்சதே இல்லைங்க என்று சொல்லும்போதே ஆத்திரத்தில் முகம் குப்பென்று சிவந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வாரு. கல்யாணத்துக்கு நான் வர்றேன், உங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன். இப்போ சூடா ஒரு டீ குடிங்க," என்று தானே ஊற்றித் தந்தார். மகள் கல்யாணமாயிற்றே, மூன்று கோப்பை குடித்தேன்.